ஒரு டம்ளர் தண்ணீரும் ஓர் ஆட்டுத்தோலும்

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

நலம் விசாரித்து நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உங்கள் நலம் அண்ணன் வழியாக எனக்கு வந்துவிடுகிறது, என் நலமும் அதே வழியில் உங்களுக்கு வந்திருக்கும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. கடிதத்தில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதலாம். அடித்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து முதுகின் கீழ்ப்பக்கம் சிவந்துகொண்டு வருகிறது, இப்படியே விட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொன்னதாக அண்ணன் சொன்னான். காற்று மெத்தை வாங்கிப் போட்டீர்களாம். "என்ன பலூன் மேல படுக்க வைக்கிறீங்களா?" என்று அம்மா அதைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டாளாம். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

அதனால் ஓர் ஆட்டுத்தோல் அனுப்பியிருக்கிறேன். செம்மறி, ரோமத்தோடு. அண்ணனின் டிப்போ நண்பர் ஓட்டும் பேருந்தில் வருகிறது. ரோமம் பக்கம் மேலே இருக்க வேண்டும், அதன் மேல் விரிப்பு எதுவும் போடக்கூடாது, அம்மாவின் முதுகு நேராக ரோமத்தில் பட வேண்டும். அடியில் காற்று ஓடும், உடம்பின் எடை ஒரே இடத்தில் அழுத்தாது. ஆஸ்பத்திரிகளிலேயே இதைப் போடுவார்கள் என்று அம்மாவுக்கே தெரியும்.

கடையில் வாங்கியதல்ல, நான் பதனிட்டது. கசாப்புக்கடையில் உரித்த கையோடு வாங்கி வந்து, சூடு ஆறியதும் உப்பில் புதைத்தேன். சதையும் சவ்வும் துளிகூட இல்லாமல் வழித்தேன். படிகாரமும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். பிறகு நாற்காலி முதுகின் மேல் போட்டு, துணி மாதிரி துவளும் வரை இழுத்தேன். என் தோள்பட்டை இன்னும் என்னோடு பேசவில்லை. எங்கே வேண்டுமானாலும் ஒரு கொத்து ரோமத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஒரு முடி கையோடு வராது. வெளுப்பைப் பாருங்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தை நடத்தியவளின் மகள் அனுப்பும் வெள்ளை அது.

இன்னொன்று. இந்தத் தோல் உங்கள் குளியலறையின் நிழலைக்கூட மிதிக்கவில்லை. "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்த முயல்தோல் இருக்கணும்" என்று நீங்கள் சொன்ன பிறகு, முயல்தோல்களை எடுத்துக்கொண்டு கிளம்பியது நான்தான். இங்கே எனக்கென்று ஒரு மொட்டைமாடி இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் மேலே வரும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

நன்றி வேண்டாம். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
நம் தெரு வைத்த பேரில், தோல்காரி

(தண்ணீர் மட்டும் ஆகாது. அழுக்குப் பட்டால் ரோமத்தின் மேலாக ஈரத்துணியால் துடையுங்கள், போதும்.)


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பிரிக்கும் முன் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பொத்தியது வீண். எந்த நாற்றமும் இல்லை. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை என்பதால் எழுதுகிறேன்.

அத்தை அதை மடியில் போட்டு, பழைய பழக்கத்தில் நான்கு மூலையையும் பிடித்துப் பார்த்தார். திருப்பினார், முகர்ந்தார், இரண்டு விரலால் தேய்த்தார். "எவ வெளுத்தா இத?" என்று கேட்டார். உங்கள் சின்னவள் என்றேன். "அவளா?" என்றவர் மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்து, "கறையே இல்லையே" என்றார். அத்தையின் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வந்து நான் இந்த வீட்டில் பார்த்ததில்லை. நான் காய்ச்சும் மிட்டாயைப் பற்றி இத்தனை வருடத்தில் "பல்லுல ஒட்டல" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அன்றே விரித்தோம். சிவப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். நான் மிட்டாய்க்கூடத்துக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்கிறார்.

முயல் விஷயத்தில் ஒரு திருத்தம். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடிக்கொண்டு போனவளின் காலில் பக்கெட் தட்டி, அதிலிருந்து காதோடு ஒரு முயல் வழிந்து வந்தால், யாராக இருந்தாலும் நான் சொன்னதைத்தான் சொல்வார்கள். போ என்று நான் சொல்லவில்லை. நீயாகக் கிளம்பினாய், நானாகத் தடுக்கவில்லை. இரண்டும் வேறு.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


பிப்ரவரி 13

'அவர்களுக்கு' போட்டு எழுதிய அண்ணிக்கு,

"கறையே இல்லையே" என்று அம்மா சொன்னாள். இதைக் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன், கசாப்புக்கடையில் சொன்னேன், மோட்டார் சைக்கிள் சீட்டுக்குத் தோல் கேட்டு வந்தவரிடமும் சொன்னேன். அவர் பாவம், இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் முதல் முயல்தோலைக் கெடுத்தபோது அம்மா என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான் நாத்தத்த வெளிய அனுப்பிச் சம்பாதிச்சேன், நீ உள்ள கொண்டு வந்து சம்பாதிக்கப் பாக்குற." அன்றிலிருந்து அவள் கையால் ஒரு தோலைத் தொடவைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. இப்போது தொட்டுவிட்டாள், அதில் படுத்தும் விட்டாள். இன்று என்னோடு யாரும் பேச முடியாது, அவ்வளவு தலைக்கனம்.

திருத்தத்தை ஏற்கவில்லை. முயலுக்குக் காது இருந்தது என் தப்பா?

தோல்காரி


பிப்ரவரி 26

நாத்தனாருக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். தோல் நனைந்துவிட்டது. அத்தையின் பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளர் கவிழ்ந்துவிட்டது. தோலைப் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி மாடியில் காயவைத்தேன். காய்ந்தபின் பலகை ஆகிவிட்டது. மடித்தால் முறிகிற மாதிரி சத்தம் வருகிறது. சுவரில் சாய்த்தால் தானாக நிற்கிறது.

தண்ணீர் ஆகாது என்று நீ எழுதியிருந்தாய். படித்திருந்தேன்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று மட்டும் எழுது.

அண்ணன் மனைவி


மார்ச் 1

அண்ணிக்கு,

சுவரில் சாய்த்தால் தானாக நிற்கிறதா? நல்லது. ஓர் ஆணி அடித்து மாட்டி வையுங்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும்.

படித்தீர்கள், ஆனாலும் சோப்புப் போட்டீர்கள். எனக்கு வாயில் வருவதையெல்லாம் எழுதி, கிழித்து, இது மூன்றாவது தாள். என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டியிருக்கலாம். தோல் உங்களுக்கு என்ன செய்தது?

அப்புறம், நீங்கள் சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகம். அம்மாவின் டம்ளரை எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் நசுங்கியது, விளிம்பு வரை ஊற்றினாலும் நாலு மிடறு. ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே ஓர் எண்ணெய்ப்பசை உண்டு. மழையில் நிற்கும் ஆட்டை விரலால் கோதிப் பாருங்கள், உள்ளே காய்ந்திருக்கும். நாலு மிடறு தண்ணீர் அதன் மேல் விழுந்தால் முத்து முத்தாக உருண்டு மெத்தைக்குத்தான் ஓடும். உதறினால் போகிற தண்ணீருக்கு யாரும் தோலைச் சோப்புப் போட்டு அலச மாட்டார்கள். தோல் வரைக்கும் இறங்கி ஊற வேண்டும் என்றால் நிறைய விழ வேண்டும், விழுந்து அதன் மேலேயே எடை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். எத்தனை டம்ளர் கவிழ்ந்தது? ஒரு நாளா, தினமுமா? அலசுவதற்கு முன்பே எந்த இடம் விறைத்திருந்தது? ஓரமா, நடுவா? ஸ்டூல் ஓரத்தில்தானே இருக்கிறது?

உண்மையை எழுதுங்கள். தோல் விஷயத்தில் என்னிடம் பொய் சொல்ல முடியாது.

தோல்காரி


மார்ச் 5

சின்னவளுக்கு,

நடு.

நீ கேட்ட கேள்விகளில் இதற்கு மட்டும்தான் பதில் சொல்வேன். இதற்கு மேல் கேட்காதே. அத்தை டம்ளர் என்று சொல்லியிருக்கிறார். இந்த வீட்டில் அத்தை சொன்னால் அது டம்ளர்தான். உன் அண்ணனுக்கும் டம்ளர், நர்ஸுக்கும் டம்ளர், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் டம்ளர். உனக்கும் அதுவே.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எத்தனை பேருடைய படுக்கை எந்த நிலையில் அத்தையின் கைக்கு வந்திருக்கும்? இந்த ஊரில் பாதிப்பேரின் விரிப்பை அவர் அலசியிருப்பார். ஒருவர் பேரையாவது வெளியே சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு நான் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

அலசச் சொன்னதும் அவர்தான். தண்ணீர் ஆகாது அத்தை, சின்னவள் எழுதியிருக்கிறாள் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "தொவைக்க முடியாத துணி என் அடியில இருக்கக் கூடாது" என்றார். அந்தக் குரலுக்குப் பிறகு வாளியில் தண்ணீர் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீயாக இருந்தாலும் அலசியிருப்பாய்.

ஆட்டுத்தோல் போன பிறகு பழையபடி பருத்தி விரிப்புதான். முதுகின் கீழே அத்தையின் தோல் இப்போது கிழிந்துவிட்டது, சட்டைப் பொத்தான் அளவுக்கு. தலையணை வைத்துப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்கிறோம். இந்த மாதக் கடைசிக்குள் அது பெருகினால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார் நர்ஸ். அத்தை ஒரே பேச்சு: "அங்க எப்படி வெளுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நான் போக மாட்டேன்." போனால் திரும்ப மாட்டோம் என்று நினைக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

நீ ஒருமுறை வந்து பார்த்திருந்தால், அந்தத் தோலை வேறு மாதிரி செய்திருப்பாய் என்று எழுதி, அடித்துவிட்டேன். நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய் என்று தெரிந்துதான் திரும்ப எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணி,

'நடு' என்ற ஒரு சொல்லைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு மாடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் அந்தத் தோலைச் செய்தது, எழுந்து நடமாடி, எப்போதாவது சாய்ந்து படுக்கிற அம்மாவுக்கு. இந்த அம்மாவை எனக்குத் தெரியவில்லை. வெளுப்பைக் காட்டி அவளிடம் பேர் வாங்க வேண்டும் என்பதிலேயே என் கண் இருந்தது. வெள்ளையாக வர வேண்டும் என்றால் படிகாரம். அதனால் படிகாரம் போட்டேன்.

நீங்கள் அலசியது தப்பில்லை. துவைக்க முடியாததை நான் அனுப்பியதுதான் தப்பு. மார்ச் முதல் தேதிக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். முயல் பற்றி எழுதிய பழைய கடிதம் மட்டும் இருக்கட்டும்.

படிகாரம் தோலுக்கு விருந்தாளி மாதிரி. தண்ணீர் வந்து கூப்பிட்டதும் எழுந்து அதோடு போய்விடும், தோல் பலகையாகிவிடும். மரப்பட்டைச் சாறு அப்படியில்லை. மெதுவாகத்தான் வரும், வந்தால் குடியேறிவிடும். அதற்கப்புறம் பச்சைத் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் தோல் மிருதுவாகவே இருக்கும். வெள்ளை மட்டும் போய்விடும். ரோமம் டீ நிறத்துக்கு வரும். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

புதிய தோலை முதலிலிருந்து செய்தால் மாதக் கடைசிக்குள் ஆகாது. கெட்டுப்போன அந்தத் தோலையே திரும்பப் பதனிடலாம், வேலை பாதி முடிந்த தோல்தான் அது. இங்கே அனுப்பி, செய்து, திருப்பி அனுப்ப நாள் போதாது. அங்கேயே செய்ய வேண்டும். குளியலறையில் இருக்கும் பெரிய தொட்டி சரியாக இருக்கும்.

என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

பட்டை ஒரு மூட்டை டிப்போ நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். தோலைச் சாதாரணத் தண்ணீரில் போட்டு, ஈரத்துணி மாதிரி துவளும் வரை விடுங்கள். பட்டையை வேகவைத்து வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் தோல் சுருங்கிவிடும், அப்புறம் என்னாலும் காப்பாற்ற முடியாது. முதலில் சாறு இளசாக இருக்க வேண்டும், விருந்தினருக்குக் கொடுக்கக் கூச்சப்படுகிற டீ மாதிரி. பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் கெட்டியாக ஊற்றினால் மேற்புறம் மட்டும் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே இருக்கும். காலையும் மாலையும் கிளறிவிடுங்கள். ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்த்தால் வெட்டுவாயில் நிறம் நடு வரைக்கும் போயிருக்க வேண்டும். நடுவில் வெள்ளைக்கோடு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை.

நானே வந்து செய்யலாமே என்று அண்ணன் கேட்பான். வரச்சொல்லாத வீட்டுக்கு வருகிற பழக்கம் எனக்கு இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அம்மா டம்ளர் என்று சொல்லியிருக்கிறாள். நான் வந்து எதிரே நின்றால், அவள் நாள் முழுக்க அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சிரமத்தை நான் அவளுக்குத் தர மாட்டேன்.

சின்னவள்


மார்ச் 14

சின்னவளுக்கு,

சிரித்து முடித்துவிட்டேன். உன் அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.

தொட்டியில் தோல் ஊறுகிறது. என் வீட்டில், என் குளியலறையில், என் கையால் ஊறப்போட்டது. கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கே நம்ப முடியவில்லை. உன் அண்ணன் டிப்போவிலேயே குளித்துவிட்டு வருகிறார். "ஒரு முயலுக்கு அவள அனுப்பிட்டு ஒரு ஆட்டையே கொண்டு வந்துட்டியே" என்றார். தோலைக் கிளறிக்கொண்டிருந்த கட்டை என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

முதல் நாள் அவர் ஓர் உதவி செய்தார். நான் மிட்டாய்க்கூடத்திலிருந்து வருவதற்குள் காய்ச்சி வைத்திருந்த சாறு முழுவதையும் தொட்டியில் ஊற்றிவிட்டார். "சீக்கிரம் ஆகட்டும்னுதான்" என்றார். நல்லவேளை, நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பார்த்தேன். பாதியை இறைத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தேன். ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், தப்பித்துவிட்டது. பாகில் எசன்ஸ் ஊற்றுவதற்குக்கூட நான் யாரையும் அனுமதிப்பதில்லை. நான்கு கொப்பரைக்கு நான் ஒருத்திதான் பொறுப்பு. இனி தொட்டிக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு வாசனை போயிருக்கிறது. "யாருக்குடி இவ்ளோ டீ போட்டிருக்க?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "தொவைக்கலாமா அத?" என்றார். எத்தனை முறை வேண்டுமானாலும் என்று சின்னவள் எழுதியிருக்கிறாள் என்றேன். "என்ன நிறத்துல வரும்?" டீ நிறம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாரும் அழுக்க எடுத்து வெள்ளையாக்குவாங்க, அவ வெள்ளைய அழுக்காக்குறா" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புண் பெருகவில்லை, ஆறவும் இல்லை.

எனக்கு ஒரு கேள்வி. ஊறி முடிந்தபின் நாற்காலியில் போட்டு இழுப்பாய் என்று எழுதியிருந்தாயே, அதை எப்போது தொடங்க வேண்டும்? அதை மட்டும் நீ எழுதவில்லை.

அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணி,

பாதியை இறைத்தீர்களே, அதற்கு உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். நான் முதன்முதலில் பட்டை போட்டபோது அண்ணன் செய்ததைத்தான் செய்தேன். ரத்தம் அப்படி.

இங்கே நானும் இன்னொரு தோல் பட்டையில் போட்டிருக்கிறேன். உங்களுடையதைவிட நன்றாக வரும் என்று இப்போதே எழுதிவைக்கிறேன். யாருடையது நல்லது என்று அம்மா சொல்லட்டும். அவள் தீர்ப்பில் உறவு பார்க்க மாட்டாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோலை நன்றாக அலசி, வெறும் தோல் பக்கத்தில் எண்ணெயைத் தடவி, நிழலில் தொங்கவிடுங்கள். அப்புறம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஈரத்தில் இழுத்தால் பயன் இல்லை. முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் கிழியும். இடையில் ஒரு நேரம் வரும், அப்போது இழுத்தால் கைபட்ட இடம் சட்டென்று வெளுத்து, பஞ்சு மாதிரி இளகும். அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குளிர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் ஈரம் ஒட்டாது. இரண்டு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். எத்தனை மணி நேரம் என்றும் சொல்ல முடியாது, வெயிலையும் காற்றையும் பொறுத்தது. நான் தவறவிட்ட தோல்கள் இங்கே ஒரு மூலையில் விறைத்துக் கிடக்கின்றன. இந்த ஒன்றைத்தான் கடிதத்தில் அனுப்ப முடியவில்லை. பயமாக இருக்கிறது, அண்ணி.

சின்னவள்


ஏப்ரல் 16

என் அருமை நாத்தனாருக்கு,

இரண்டு தாளைக் கிழித்தாயே, 'பதம்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதாதா? பதனிடுகிறேன் பதனிடுகிறேன் என்று வாய் ஓயாமல் சொல்கிறாய், அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே! கொப்பரையில் பாகு கொதிக்கும்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவேன். ஒரு மூச்சு முந்தினால் பிசுக்கு, ஒரு மூச்சு பிந்தினால் கல். குளிர்ந்த மாதிரி இருக்கும், ஈரம் ஒட்டாது என்று நீ எழுதினாயே, அது என் கைக்குப் பழக்கமான இடம்.

ஓரம் வெட்டிப் பார்த்தேன், நடு வரைக்கும் ஒரே பழுப்பு. அலசினேன், எண்ணெய் தடவினேன், தொங்கவிட்டேன். அன்று மிட்டாய்க்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தை அடிக்கடி அதன் மேல் வைத்துப் பார்த்தேன். உன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "எம்மேலகூட இப்படிச் சாஞ்சதில்லையே" என்றார். சாயங்காலம் ஆகும்போது பதம் வந்தது. இழுத்தேன், கைபட்ட இடம் வெளுத்தது. "வந்துடுச்சு!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா அத்தைக்குத்தான் என்னவோ என்று ஓடிவந்துவிட்டார். வந்தவரையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன். நாற்காலியின் முதுகு ஆட்டம் கண்டுவிட்டது. என் தோள்பட்டையும் இப்போது உன் தோள்பட்டையோடு சேர்ந்துகொண்டது.

நர்ஸ் கொடுத்திருந்த கெடு முடிவதற்கு முன்பே விரித்துவிட்டோம். உனக்கு உடனே எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. விரித்ததைச் சொல்வது பெரிதல்ல. துவைத்ததைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். மறுநாளே டம்ளர் கவிழ்ந்தது. அலசிக் கொடியில் போட்டேன். காயும் வரை அந்தப் பக்கமே போகவில்லை, பயம். எடுத்தால், துவள்கிறது! அதன்பிறகு பல டம்ளர் கவிழ்ந்துவிட்டது, இன்னும் துவள்கிறது. அத்தை கட்டிலில் சாய்ந்தபடி ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்து, "ரோமத்த உள்பக்கமாப் போடாத, நிழலுக்கு நகத்து, பிழியாத, தொங்கவிட்டு வடியவிடு" என்று அதட்டிக்கொண்டே இருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆகிவிட்டது. சலவைக்கூடத்தை நடத்திய குரல் அது. நான் வேண்டுமென்றே ஒருமுறை தப்பாகப் போட்டேன்.

இப்போது முக்கியமானது. புண் காய்ந்து ஓரம் ஒட்டிவிட்டது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருக்கிறது. நர்ஸ் முந்தாநாள் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பேச்சே இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடியில் இருந்த ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து, "இது எந்தக் கடையில வாங்குனது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "கடையா? எங்க வீட்ல செஞ்சது. ஒருத்தி தொடங்குனா, ஒருத்தி முடிச்சா. இழுத்துப் பாருங்க, ஒரு முடி வராது" என்றார். நர்ஸ் இழுத்தார். வரவில்லை. அத்தை என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத என்னிடம் சொல் இல்லை. இரண்டு நாளாகத் தெருவில் நான் சற்று நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

போட்டிக்கு வருவோம். தோல் கொடியில் இருக்கும் நேரத்தில் அத்தைக்கு மறுபடியும் பருத்தி விரிப்புதான். "மாத்துத்துணி இல்லாம ஒரு வீடா?" என்கிறார். ஆகவே உன் தோல் என்னுடையதைவிட நன்றாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், அது இங்கே வேண்டும். தீர்ப்பு அத்தை சொல்வார். நான் பயப்படவில்லை.

இன்று மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டு, "சின்னவளுக்கு எழுதுறியா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் சொல்றத எழுது" என்றார். தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"அந்தத் தோல பார்சல்ல அனுப்ப வேண்டாம், அவளே எடுத்துட்டு வரச்சொல்லு. எந்த ரூம்ல ஊறப்போடுவாளோ போட்டுக்கட்டும், நீ தடுத்தா நான் பாத்துக்கிறேன். அப்புறம் இதையும் எழுது. டம்ளர் ஒண்ணும் கவுழல. நான்தான்."

நான் பேனாவை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படியே எழுதட்டுமா அத்தை என்று கேட்டேன்.

"அப்படியே எழுதுடி. தொவைச்சாப் போற விஷயந்தானே."